புதுப்பிப்பு: பிரிட்டனில் அரசியல், சர்வதேச உறவுகள் முதுகலை – எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

பட்டத்தின் பெயரைவிடப் பாடப்பட்டியலைப் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பிறகு வந்த கேள்விகளில் பாதி, எம்.ஏ. நல்லதா, எம்.எஸ்சி. நல்லதா என்பதுதான். பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சர்வதேச உறவுகளுக்கு எம்.எஸ்சி. தருகிறது, அதனால் அது புள்ளியியல் படிப்பாகிவிடாது. ஆய்வுமுறைப் பாடம் கட்டாயமா என்று மட்டும் பாருங்கள். பிஎச்.டி. எண்ணம் இருந்தால் அது இல்லாத படிப்பு வேண்டாம்.

வழக்கமான ஓராண்டுப் படிப்பு 180 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு). அதில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்கு, அதாவது 10,000 முதல் 15,000 சொற்கள். மிச்சத்தில் கட்டாயப் பாடங்கள் போக, நீங்கள் தேர்ந்தெடுப்பது மூன்று நான்குதான். பலர் சறுக்குவது இங்கேதான். இணையதளத்தில் இருபது விருப்பப் பாடங்கள் இருக்கும். பேராசிரியர் ஆய்வு விடுப்பில் போனால் அந்த ஆண்டு அவர் பாடம் கிடையாது, சிலவற்றில் இடமும் குறைவு. "சென்ற ஆண்டு உண்மையில் நடந்த பாடங்கள் எவை, தெற்காசியா பற்றிய ஆய்வேட்டுக்கு யார் வழிகாட்டுவார்?" என்று துறைக்கே மின்னஞ்சல் போடுங்கள். வரும் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

விசா: படிப்பு முடிந்தபின் அங்கேயே தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்பவர்களுக்கும் இதுதான். கடன் கணக்கை அதன்படி போடுங்கள்.

பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும்.