இறங்கும்போது அட்டையைத் தட்டியும் பஸ்ஸுக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

யீஷுன்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் தினமும் போய்வருகிறவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

யீஷுனில் எங்கள் புளோக்குக்கு எதிரே பஸ் ஏறி, காத்திப் நிலையத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்குவேன். அங்கிருந்து ரயிலில் நியூட்டன், பிறகு மாறி லிட்டில் இந்தியா. மாலையில் அதே வழியில் திரும்புவேன். பஸ்ஸில் போகும் தூரம் மூன்று கிலோமீட்டர்கூட வராது. அட்டையில் பணம் குறைந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாக நிரம்பும்படி வைத்திருக்கிறேன். இந்த மாதம் அந்த நிரப்பல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. வேலையும் வழியும் மாறவில்லையே என்று செயலியைத் திறந்து ஒவ்வொரு பயணமாகப் பார்த்தேன். இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

ஒன்று, ஒரு நாள் காலை பஸ்ஸுக்கு மட்டும் 2.02 வெள்ளி போயிருக்கிறது. அதற்கப்புறம் ரயிலுக்கும் தனியாக முழுக் கட்டணம். இறங்கும்போது அட்டையை ரீடரில் (அட்டையைப் படிக்கும் கருவியில்) தட்டினேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாவது, சில மாலைகளில் பஸ்ஸில் வரும்போது வழியில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு, அடுத்து வரும் அதே எண் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போவேன். அன்றெல்லாம் அந்த இரண்டாவது பஸ்ஸுக்குத் தனியாகக் கட்டணம் எடுத்திருக்கிறார்கள். 45 நிமிடத்துக்குள் மாறினால் அதே பயணமாகத்தானே கணக்கு வர வேண்டும்?

எந்த பஸ் நிறுவனம் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா, எங்கே கேட்பது என்று தெரிந்தால் போதும்.

பஸ்பிரியன்:

வணக்கம் அக்கா. கேள்வியைத் தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள். இன்னும் மூன்று விவரம் வேண்டும். அந்த 2.02 வெள்ளிப் பயணத்தில் இறங்கிய நிறுத்தத்தின் பெயர் வருகிறதா? ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டியது ஒரே அட்டைதானா, இல்லை ஒரு முறை கைப்பேசியா? அந்த பஸ் காத்திப்போடு முடிகிறதா, இன்னும் தூரம் போகிறதா?

யீஷுன்வாசி:

ஒரே அட்டைதான் தம்பி, கைப்பேசியில் தட்டுவதே இல்லை. பஸ் காத்திப்பைத் தாண்டி ரொம்ப தூரம் போகும். ஏறிய நிறுத்தம் இருக்கிறது. இறங்கிய நிறுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

பஸ்பிரியன்:

அப்படியென்றால் முதல் விஷயம் புரிந்துவிட்டது. நீங்கள் தட்டியதை ரீடர் பதிவு செய்யவில்லை.

2010 ஜூலையிலிருந்து இங்கே கட்டணம் தூரக் கணக்கில்தான். பஸ், ரயில், பஸ் என்று மாறினாலும் மொத்தத் தூரத்தைக் கூட்டி ஒரே பயணமாகப் போடுவார்கள். பெரியவர்களுக்கு 3.2 கிலோமீட்டர் வரை ஒரே கட்டணம், அதற்கு மேல் தூரம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இந்தக் கணக்கு நடக்க வேண்டுமென்றால் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். இறங்கிய தட்டல் பதிவாகாவிட்டால், நீங்கள் பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரை போனதாக எடுத்துக்கொண்டு அந்தக் கட்டணத்தை எடுத்துவிடுவார்கள். முதல் பயணம் முடியாமல் நிற்பதால் அடுத்து ரயிலில் நுழைவது புதுப் பயணமாகத் தொடங்கும். ஆக உங்களுக்கு நஷ்டம் இரண்டு இடத்தில்: பஸ்ஸுக்கு எடுத்த கூடுதல், வண்டி மாறியதற்கு ரயிலில் கிடைக்காமல் போன சலுகை. கோரிக்கை எழுதும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

பஸ் முடிகிற சந்திப்பு நிலையம் வரை போய் இறங்குகிறவர்களுக்கு அதுவே கடைசி நிறுத்தம், அதனால் தட்டல் பதிவாகாமல் போனாலும் பஸ் கட்டணத்தில் வித்தியாசம் தெரியாது. உங்களைப் போல நடுவழியில் இறங்குகிறவர்களுக்குத்தான் அடி.

செராங்கூன் அண்ணன்:

தங்கச்சி, உங்கள் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது. பஸ் ஏறிய நேரமும் காத்திப் நிலைய வாசலில் தட்டிய நேரமும் பதிவில் இருக்கும். இடையில் சில நிமிடங்கள்தான் வித்தியாசம் என்றால், நீங்கள் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பியிருக்கவே முடியாது. இந்த இரண்டு நேரங்களையும் கோரிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். "தட்டினேன், ஆனாலும் எடுத்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் பார்க்கிறவருக்குப் பிடி கிடைக்காது.

தேதி, பஸ் எண், ஏறிய நிறுத்தம், இறங்கிய நிறுத்தம், அட்டையின் பின்னால் அச்சிட்ட 16 இலக்க எண், இவை தேவைப்படும். இணையத்திலேயே கட்டணம் திரும்பக் கேட்கும் படிவம் இருக்கிறது. நேரில் பேசுவதுதான் வசதி என்றால் எம்ஆர்டி நிலையங்களிலும் பஸ் சந்திப்பு நிலையங்களிலும் உள்ள பயணச்சீட்டு அலுவலகத்துக்குப் போகலாம். தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

மாலதிமலர்:

இரண்டாவது விஷயத்துக்கு நான் சொல்கிறேன். அதில் பணம் திரும்ப வராது, ஏனென்றால் விதியே அப்படித்தான். ஒரே பயணமாகக் கணக்கு வர வேண்டுமென்றால், இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்த வண்டியில் ஏற வேண்டும், மொத்தப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஐந்து முறைக்கு மேல் மாறக் கூடாது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். இன்னொன்றுதான் பலருக்குத் தெரியாது: அடுத்து ஏறும் பஸ் முந்தைய பஸ்ஸின் அதே எண்ணாக இருக்கக் கூடாது. அதே எண்ணில் ஏறினால் ஒரு நிமிடம் கழித்து ஏறினாலும் புதுப் பயணம்தான்.

காய்கறி வாங்குகிற நிறுத்தத்திலிருந்து உங்கள் புளோக் பக்கம் வேறு எண் பஸ் ஏதாவது போகிறதா என்று பாருங்கள். அதில் ஏறினால் அந்தத் தனிக் கட்டணம் மிச்சம்.

ரயிலிலும் இதைப் போன்ற விதி ஒன்று உண்டு. ஒரு நிலையத்தில் வெளியேறி அதே நிலையத்தில் மறுபடி நுழைந்தால் புதுப் பயணம். வேறு நிலையம் என்றால், உதாரணமாக லிட்டில் இந்தியாவில் வெளியேறி நடந்துபோய் 15 நிமிடத்துக்குள் ரோச்சோரில் நுழைந்தால், பயணம் தொடரும்.

கோப்பிக்கடை:

ஒரு வெள்ளிச் சொச்சத்துக்கு இவ்வளவு அலைச்சலா? விட்டுவிடலாமே.

செராங்கூன் அண்ணன்:

தம்பி, எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. துப்புரவு வேலைக்குப் போகிற அக்காமார்களும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற கட்டுமான ஊழியர்களும் இதே ரீடரில்தான் தட்டுகிறார்கள். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணி ஊருக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்கி விட்டுவிடுகிறார்கள். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் யாராவது இப்படிச் சொன்னால் நான் அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பேன். கேட்டால் கிடைக்கிற பணம், கேட்காவிட்டால் தானாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கோரிக்கைகள் குவிந்தால் எந்த ரீடர் சரியாக வேலை செய்யவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியவரும்.

கோப்பிக்கடை:

சரி அண்ணே, அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை.

வடிவேலன்_ஜூரோங்:

யீஷுன்வாசி அக்கா, தட்டியவுடன் திரையில் மீதித்தொகை வந்ததா? அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே.

யீஷுன்வாசி:

என்னுடையது கணக்கோடு இணைத்த வகை தம்பி. மீதித்தொகை திரையில் வராது.

வடிவேலன்_ஜூரோங்:

அதுதான் சங்கடம். பழைய வகை அட்டையில் பணம் அட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதனால் தட்டியவுடன் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிச்சம் என்று ரீடரே காட்டிவிடும். சிம்பிளிகோ என்கிற உங்கள் வகையில் பணம் கணக்கில் இருக்கிறது, கட்டணமும் பின்னால் கணினியில்தான் போடப்படுகிறது. அதனால் வாசலில் எதுவும் தெரியாது.

2024 ஜனவரியில் பழைய வகையை அந்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது இவ்வளவு எதிர்ப்பு கிளம்பியதற்கு இதுவும் முக்கியக் காரணம். மீதித்தொகை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள், ஜனவரி 22-ஆம் தேதி, முடிவை மாற்றிக்கொண்டார்கள். பழைய வகையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக நான்கு கோடி வெள்ளி செலவாகும் என்றும் சொன்னார்கள். அந்தச் செலவு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். தன் பணம் எவ்வளவு போகிறது என்பது அந்த இடத்திலேயே தெரிய வேண்டும், அது பெரிய வசதி.

உங்கள் வகையில் வேறு வழி இல்லை, செயலியில் அறிவிப்பை இயக்கி வையுங்கள். வாரம் ஒரு முறையாவது பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நிலாமகள்:

நடுவில் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். நான் காலையில் கைப்பேசியில் தட்டி ஏறினேன். இறங்கும்போது கைப்பேசி அணைந்துவிட்டதால், அதில் சேர்த்திருக்கும் அதே வங்கி அட்டையை எடுத்துத் தட்டினேன். இரண்டு இடத்தில் பணம் போயிருக்கிறது. அட்டை ஒன்றுதானே?

பஸ்பிரியன்:

அட்டை ஒன்றுதான், ஆனால் ரீடருக்கு அவை இரண்டு. கைப்பேசியில் சேர்க்கும்போது அதற்கென்று தனி எண் உருவாகும், கையில் இருக்கும் அட்டையின் எண் அதுவல்ல. அதனால் கைப்பேசியில் முடியாத பயணம் ஒன்று, அட்டையில் இன்னொன்று என்று பதிவாகியிருக்கும். கைக்கடிகாரத்தில் தட்டினாலும் இதே கதை. காலையில் எதைத் தட்டினோமோ அதையே கடைசி வரை தட்ட வேண்டும். உங்களுக்கும் படிவம்தான் வழி. இரண்டு பதிவுகளையும் படம் எடுத்து இணைத்து, நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

பணப்பையோடு சேர்த்துத் தட்டுகிறவர்களும் கவனியுங்கள். உள்ளே வங்கி அட்டையும் பயண அட்டையும் சேர்ந்திருந்தால் ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது இன்னொன்றும் மாட்டிக்கொள்ளலாம். அட்டையைத் தனியே எடுத்துத் தட்டுவதுதான் பத்திரம்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டினால், தட்டிய ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். சென்னையிலிருந்து வருகிற பெற்றோருக்கு இங்கேயே ஒரு பயண அட்டை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

யீஷுன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடியே இரண்டு நேரங்களையும் முதல் வரியில் போட்டு, பஸ் கூடுதலையும் ரயில் சலுகையையும் சேர்த்துக் கேட்டு எழுதினேன். இரண்டும் திரும்பக் கிடைத்துவிட்டது. செராங்கூன் அண்ணன் சொன்ன அந்த நேர வித்தியாசத்தை வைத்தே முடித்துவிட்டார்கள், வேறு கேள்வி வரவில்லை.

மாலதிமலர் சொன்ன எண் விஷயம் எனக்குப் புதுச் செய்தி. எங்கள் பக்கம் வேறு எண் ஒன்று வருகிறது, கொஞ்சம் சுற்றிப் போகும், பரவாயில்லை. இறங்கும்போது இப்போதெல்லாம் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறேன். கூட்டத்தில் பின்னால் இருப்பவர் அவசரப்படுத்தினாலும் நிற்கிறேன்.

நிலாமகள்:

நானும் அனுப்பிவிட்டேன், பதில் வந்ததும் எழுதுகிறேன். என் மாமியாரிடம் மூத்தோர் சலுகை அட்டை இருக்கிறது, பழைய வகை. செயலி எதுவும் அவரிடம் இல்லை. அவருடைய பயணங்களை எப்படிப் பார்ப்பது?

மாலதிமலர்:

நிலையத்தில் பணம் நிரப்பும் இயந்திரத்தில் அட்டையை வைத்தால் கடைசிப் பயணங்கள் திரையில் வரும். மூத்தோருக்கும் மாணவருக்கும் 7.2 கிலோமீட்டருக்கு மேல் கட்டணம் ஏறாது. அதனால் தட்டல் பதிவாகாவிட்டாலும் போகிற தொகை சிறிதாகத்தான் இருக்கும், சட்டென்று கண்ணில் படாது. தொகையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த நாள் எங்கே இறங்கினார் என்பது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.