புதுப்பிப்பு: பிளேஸ்டேஷன் 2 புது டிவியில் தெளிவாக ஓடுகிறது

புது டிவியில் எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது, பிளேஸ்டேஷனின் மஞ்சள் வீடியோ ஒயரை மலிவான கன்வெர்ட்டரில் செருகினால் எழுத்தெல்லாம் கலங்குகிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது!

அந்தக் கலங்கலுக்குக் காரணம் மஞ்சள் ஒயர்தான். அதில் வெளிச்சமும் நிறமும் ஒரே சிக்னலாகக் கலந்து வருகின்றன. பிறகு எந்தப் பெட்டியாலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. காம்பொனென்ட் கேபிளில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஒயர்கள். வெளிச்சம் தனியாகவே வந்துவிடும். அதனால் அந்தக் கேபிளையும், அதை எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியையும் வாங்கினேன். வாகனப் பந்தய ஆட்டத்தில் வேகமானியின் எண்களைக் கூட இப்போது படிக்க முடிகிறது, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு முக்கியமான விஷயம்: மஞ்சள் ஒயர் இருக்கும்போதே பிளேஸ்டேஷன் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குப் போய், காம்பொனென்ட் வீடியோ அவுட் என்பது ஆர்ஜிபி (RGB) என்று இருந்தால், அங்கே இருக்கும் இன்னொரு தேர்வான Y Cb/Pb Cr/Pr என்பதற்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நிறங்கள் தாறுமாறாக வரும்.

அப்புறம், பெரும்பாலான ஆட்டங்களின் படம் 480i தான், அல்லது PAL முறையில் (ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் டிவி முறை) 576i. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் அந்த வரிகளை டிவி சேர்த்துக் காட்டுவதற்குள் பொத்தானை அழுத்தியது திரையில் தாமதமாகத் தெரியும். டிவியில் கேம் மோட் போட்டால் பெருமளவு குறைகிறது. சில NTSC வட்டுகளில் (அமெரிக்கா, ஜப்பான் முறை) எல்லா வரிகளும் சேர்ந்தே வரும் 480p உண்டு. ஆட்டம் தொடங்கும்போது முக்கோணத்தையும் எக்ஸையும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

படம் அகலமாக இழுபட்டால் டிவியில் 4:3 வையுங்கள்.