டிராமாட்டிக் பாரிடோன்: யாரிடமிருந்து தொடங்கலாம்?

கேள்வி: ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். டெனர் என்கிற உயர்ந்த ஆண்குரலைவிட, அதற்குக் கீழே வரும் பாரிடோன் குரல்தான் பிடிக்கிறது. கோபமும் வலியும் தெரியப் பாடுகிறவர் யார்?

பதில்: லெனர்ட் வாரன், யோசிக்கவே வேண்டாம். 1911இல் நியூயார்க்கில் பிறந்தவர். அங்குள்ள மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்குதான் அவருக்குத் தாய்வீடு. ஆனாலும் புவனோஸ் ஐரிஸ், மிலானின் லா ஸ்காலா அரங்கம், 1958இல் சோவியத் நாடு என்று போய்ப் பாடினார். மேல்ஸ்தாயி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1950இல் பதிவான 'ரிகொலெட்டோ' ஆபராவில், மகளைத் தூக்கிச் சென்றவர்களிடம் அப்பா பேசும் இடத்தைக் கேளுங்கள். முதலில் சீறல், அப்புறம் குரல் இறங்கி இறங்கிக் கெஞ்சலாகிவிடும். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த இடத்தைத் தாண்டவே முடிவதில்லை.

கேட்டவர்: நேற்றிரவு நான்கு முறை கேட்டேன், நன்றி. மேடையிலேயே இறந்தாராமே?

பதில்: ஆமாம். 1960 மார்ச் 4, மெட்ரோபாலிட்டனில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ஃபோர்ஸா டெல் டெஸ்டினோ' ஆபரா. பெரிய ஏரியாவை (தனிப்பாடலை) பாடி, கைதட்டல் வாங்கி, சற்று நேரத்தில் சரிந்துவிட்டார். வயது 48தான்.

இன்னொருவர்: அடுத்து அவருடைய 'மக்பெத்' ஆபராவையும் கேளுங்கள்.