ஆடாதொடை இலையில் எடுத்த பாக்டீரியா, மறுவளர்ப்பில் (புது மீடியத்துக்கு மாற்றி வளர்த்ததில்) கிருமியைத் தடுக்கும் 'வட்டம்' போய்விட்டது. உதவுங்க!

வணக்கம். எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி வருஷம். எங்க வீட்டு வேலியில் நிற்கும் ஆடாதொடைதான் என் ப்ராஜெக்ட்.

இலையை 70% எத்தனால், அப்புறம் ஹைப்போகுளோரைட் என்று கழுவி, கடைசியாக அலசிய தண்ணீரையும் ஒரு பிளேட்டில் பரப்பினேன். அதில் ஒன்றுமே வளரவில்லை. ஆக, வந்ததெல்லாம் இலைக்கு உள்ளே இருந்ததுதான். ஏழு காலனியில் (பாக்டீரியாத் திட்டில்) ஒன்று மட்டும், வெளிறிய மஞ்சள், ஓரம் சுருங்கினது, பேசில்லஸ் வகை பாக்டீரியா மாதிரி தெரிகிறது. அதன் வளர்ப்பிலிருந்து எத்தில் அசிட்டேட் கரைப்பானில் பிரித்த சாறு, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி பிளேட்டில், கிருமி வளராத 14 மி.மீ. வட்டம் கொடுத்தது. அன்றைக்கு லேபில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்!

மூணாவது மறுவளர்ப்புக்குப் பிறகு சாறு ஊற்றி வைக்கும் காகித டிஸ்க் 6 மி.மீ., வட்டமும் 6 மி.மீ. அதாவது பூஜ்யம். முதல் நாளே கிளிசரால் ஸ்டாக் (கிளிசராலில் உறையவைத்த சேமிப்பு) போடாதது என் முட்டாள்தனம், திட்டிக்கோங்க.

"வேற செடி பாரு" என்கிறார் கைடு. எனக்கு விட மனசில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் புண்ணுக்குப் பயன்படுத்திய கென்னடியா நிக்ரிஸ்கன்ஸ் கொடிக்குள் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்துதானே 2002இல் முனும்பிசின்கள் என்ற ஆன்டிபயாடிக்குகள் கிடைத்தன!

இந்த மாதிரி பாக்டீரியா செடியை விட்டு வெளியே வந்ததும் சில சமயம் அந்தப் பொருளின் உற்பத்தி நின்றுவிடுமாமே. மீடியத்தில் ஆடாதொடை இலைச்சாறு சேர்த்தால் திரும்ப வருமா? சேர்த்தால் எவ்வளவு? சாற்றுக்கே கிருமியைத் தடுக்கும் குணம் இருக்கலாம், அதற்குத் தனி கன்ட்ரோல் வைப்பேன். இல்லை, புது இலையிலிருந்து மறுபடி எடுப்பதுதான் நல்லதா? ஆறு வாரம்தான் இருக்கு. செய்து பார்த்தவங்க சொல்லுங்க.