பேட்டரி மாத்தின பிறகு நாலஞ்சு எச்சரிக்கை விளக்கு, ஸ்டார்ட்-ஸ்டாப்பும் வேலை செய்யல. ஆல்டர்னேட்டர் போச்சா?

கேள்வி

வணக்கம். வண்டி 7 சீட் டர்போ பெட்ரோல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக், 4 வருஷம், 52,000 கி.மீ. சிக்னல்ல நின்னா எஞ்சினைத் தானா அணைக்கிற ஸ்டார்ட்-ஸ்டாப் ரெண்டு மாசமா வேலை செய்யல. பேட்டரி வீக்னு சொல்லி போன வாரம் புதுசு போட்டாச்சு. அதுக்கப்புறம் வந்தது இதெல்லாம்:

ஸ்டீயரிங் விளக்கும், வண்டி சறுக்குற மாதிரி படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரியுது. டயர் பிரஷர் விளக்கு ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷம் மினுக்கிட்டு அப்புறம் நிலையா நிக்குது. டிரைவர் கண்ணாடி ஒரு தட்டுல முழுசா ஏறமாட்டேங்குது, பிடிச்சிட்டே இருக்கணும். டிக்கி பட்டன் அமுக்குனா பீப் மட்டும் வருது, திறக்கல.

ஸ்டார்ட்-ஸ்டாப் இன்னும் வரல. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 12.7 வோல்ட்தான் காட்டுது. 14 வரணும், பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரை மாத்துங்கன்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா?

பதில் 1

ஆல்டர்னேட்டரில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடினால் எப்போதும் 14 வோல்ட் சொச்சம் இருக்கும். இப்போது வருகிற வண்டிகளில் எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சார்ஜைக் குறைக்கும், காலை எடுத்து வண்டி உருளும்போது ஏற்றும். அதனால் ஐடிலில் 12.7 காட்டுவதை மட்டும் வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

சோதிக்கும் விதம்: எஞ்சின் ஓடட்டும். ஹெட்லைட் ஹைபீம், ஏசி ஃபேன் முழு வேகம், பின் கண்ணாடி சூடாக்கி, மூன்றையும் போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மல்டிமீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயப் போஸ்ட்டின் மேலேயே வைத்துப் பாருங்கள், அதில் கேபிளைப் பிடிக்கும் கிளாம்ப்பின் மேல் அல்ல. 13.8 முதல் 14.7 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நலம். போஸ்ட்டில் ஒரு அளவும் கிளாம்ப்பில் வேறு அளவும் வந்தால் கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. ராத்திரி பூட்டி வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். பானட் லீவர் உள்ளே இருப்பதால் முந்தின நாளே பானட்டைத் திறந்து, பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலையில் வைத்துவிடுங்கள், பானட் மூடியிருப்பதாக வண்டி நினைக்கும். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான். புது பேட்டரி 12.6-க்குக் கீழே நின்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

பதில் 2

விளக்குகளைப் பற்றி நான் சொல்கிறேன். அதில் பாதி பழுதே இல்லை, பேட்டரியைக் கழற்றியதில் வண்டி மறந்துபோன விஷயங்கள்.

ஸ்டீயரிங் விளக்கும் சறுக்கல் விளக்கும்: ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நடு எது என்று தெரியவில்லை. சமதளத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடது கடைசி வரை, வலது கடைசி வரை மெதுவாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் போய் அழுத்திப் பிடிக்காதீர்கள். பிறகு நேரான சாலையில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் சில நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் அணைந்துவிடும். அணையாவிட்டால் ஸ்கேனர் போட்டுத்தான் நடுநிலையைப் பதிய வேண்டும்.

கண்ணாடி: பட்டனைத் தூக்கிப் பிடித்து முழுசாக மூடுங்கள், மூடிய பிறகும் 2, 3 விநாடி விடாமல் பிடியுங்கள். அவ்வளவுதான். இதைச் செய்யாதவரை விரல் சிக்கினால் திரும்பி இறங்கும் பாதுகாப்பும் சரியாக வேலை செய்யாது, ஆகவே குழந்தைகள் ஏறும் வண்டியில் தள்ளிப்போட வேண்டாம்.

டிக்கி: கையால் முழுசாக மூடுங்கள், பூட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்கட்டும். கியர் பி-யில் இருக்க, பட்டனால் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

டயர் விளக்கு இங்கே காற்றுக் குறைவைக் காட்டவில்லை. நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு நிலைத்தால் கண்காணிக்கிற அமைப்பிலேயே கோளாறு. காற்று அடித்து அதை அணைக்க முடியாது. திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளவு காட்டுகிறதா?

கேட்டவர்

ரொம்ப நன்றி. ஸ்டீயரிங், சறுக்கல் ரெண்டு விளக்கும் போயிடுச்சு. கண்ணாடியும் சரி. டிக்கி இன்னும் பீப்தான்.

எல்லா லோடும் போட்டு அளந்தேன், 14.3. ஆல்டர்னேட்டர் தப்பிச்சிடுச்சு. ஆனா நீங்க சொன்ன மாதிரி காலையில அளந்தா 12.38. புது பேட்டரி, ஒரு வாரம்தான் ஆச்சு.

டயர் அளவு தனித்தனியா காட்டுது, வலது பின் சக்கரத்துக்கு மட்டும் கோடு.

பழைய பேட்டரி ஸ்டிக்கர்ல ஈ.எஃப்.பி.ன்னு இருந்த போட்டோ கிடைச்சுது. புதுசுல அப்படி எதுவும் போடல. அளவு ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னார்.

பதில் 3

ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியைப் பற்றித் தெரியாதவர்தான் அளவு ஒன்று என்று சொல்வார். பெட்டி அளவு ஒன்றுதான், உள்ளே வேறு. சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் அணையும்போது விளக்கு, ஃபேன், திரை எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது, உடனே ஸ்டார்ட்டருக்கும் அதுவே கொடுக்க வேண்டும். சாதா பேட்டரியில் இப்படி இறங்கி ஏறி இறங்கி ஏறித் தட்டில் பூசிய பொருள் உதிர்ந்துவிடும். ஈ.எஃப்.பி. என்பது ஸ்டார்ட்-ஸ்டாப்புக்காக வலுவாக்கிய பேட்டரி, அதில் பாசிட்டிவ் தட்டின் மேல் ஒரு மெல்லிய வலைத்துணி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கும் மேல் ரகமான ஏ.ஜி.எம். பேட்டரியில் ஆசிட்டையே கண்ணாடி இழை விரிப்பு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈ.எஃப்.பி. இருந்த இடத்தில் ஈ.எஃப்.பி. போடுங்கள். ஏ.ஜி.எம். போட்ட வண்டியில் அதைவிடக் கீழே இறங்கவே கூடாது.

ஆனால் 12.38-க்கு அது மட்டும் காரணமாக இருக்காது. சாதா பேட்டரியானாலும் புதுசு ஒரு வாரத்தில் முக்காலுக்கு இறங்காது. நெகட்டிவ் போஸ்ட்டைப் பாருங்கள். கிளாம்ப்போடு ஒட்டி, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கருப்புப் பெட்டியும் அதில் மெல்லிய ஒயர் சாக்கெட்டும் இருக்கும். அதுதான் பேட்டரி சென்சார். உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை எண்ணி, சார்ஜ் எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர், கூடுதல் ஹார்ன் ஏதாவது போட்டிருந்தால் அதன் கருப்பு ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது?

கேட்டவர்

டேஷ்கேம் இருக்கு, பார்க்கிங்லயும் ரெக்கார்ட் ஆகும். கருப்பு ஒயர் நெகட்டிவ் போஸ்ட் நட்டுக்கு அடியில இருக்கு.

பதில் 3

அதுதான். அந்த ஒயர் சென்சாருக்கு முன்னாலேயே பேட்டரியைத் தொடுகிறது. கேமரா இழுக்கிற கரண்ட் சென்சார் வழியாகப் போகாததால் அதன் கணக்கில் ஏறுவதே இல்லை. கணக்கு ஒன்று சொல்ல, வோல்ட்டேஜ் வேறொன்று சொன்னால் கம்ப்யூட்டர் முதலில் நிறுத்துவது ஸ்டார்ட்-ஸ்டாப்பைத்தான். பழைய பேட்டரி சீக்கிரம் படுத்ததற்கும் இதையே சந்தேகப்படுகிறேன்.

கருப்பு ஒயரை எடுத்து, சென்சார் கேபிள் வண்டியின் உடம்பில் போல்ட் ஆகிற இடத்துக்கு மாற்றுங்கள். பெயின்ட் இல்லாத இரும்பு தெரிய வேண்டும். வெளி சார்ஜர் மாட்டினாலும், ஜம்ப் கொடுத்தாலும் இதே விதி: சிவப்பு பாசிட்டிவில், கருப்பு பாடி எர்த்தில்.

பிறகு வண்டி பூட்டி நிற்கும்போது ஆகிற கரண்ட் கசிவை அளக்கலாம். டி.சி. அளக்கிற கிளாம்ப் மீட்டர் இருந்தால் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும். இல்லாவிட்டால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, நெகட்டிவ் கேபிளுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே மாட்ட வேண்டும். அப்படி மாட்டியிருக்கும்போது கதவைத் திறக்காதீர்கள், ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். சாவியை நாலைந்து மீட்டர் தள்ளி வையுங்கள், பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது. 40 நிமிடம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் சரி. கேமரா மட்டுமே 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். வண்டி ரெண்டு மூணு நாள் நின்றால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கேமராவின் கட்-ஆஃப் (பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் அது அணையும் என்ற அளவு) 11.8-ல் இருந்தால் 12.4-க்கு ஏற்றுங்கள், பார்க்கிங் ரெக்கார்டிங் நேரம் குறையும், வேறு வழியில்லை.

பதில் 4

ஸ்டார்ட்-ஸ்டாப்பே தொல்லைதானே, பானட் சுவிட்ச் சாக்கெட்டைக் கழற்றி விட்டால் நிரந்தரமாக நின்றுவிடும்.

பதில் 2

வேண்டாம். பானட் திறந்திருக்கிறது என்று வண்டி நம்பினால் ரிமோட் ஸ்டார்ட் வராது, திருட்டு அலாரமும் சரியாக இயங்காது. பிடிக்காதவர்களுக்குப் பட்டன் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அமுக்க வேண்டும் என்பதுதான் சலிப்பு.

கேட்டவருக்கு: பேட்டரி மாற்றியதும் ஸ்கேனரில் புது பேட்டரி என்று பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில வண்டிகள் கிழட்டு பேட்டரிக்குப் போடுகிற சார்ஜையே புதுசுக்கும் போட்டுக்கொண்டிருக்கும். பதிகிற வசதி இல்லாத வண்டியில், எல்லாக் கதவையும் பூட்டி 4 மணி நேரமாவது தொடாமல் விடுங்கள், சென்சார் ஓய்வு வோல்ட்டேஜைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகும் எஞ்சின் அணையாவிட்டால் முன் கண்ணாடிப் பனி நீக்கி ஆனில் இருக்கிறதா, ஏசி ஃபேன் உச்சத்தில் இருக்கிறதா, ஸ்டீயரிங் திரும்பியிருக்கிறதா, பிரேக்கை லேசாகத்தான் மிதிக்கிறீர்களா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அணையாது.

டிக்கிக்கு செட்டிங்கில் போய்ப் பாருங்கள். பவர் டிக்கி என்ற டிக் எடுபட்டிருக்கும்.

கேட்டவர்

டிக்கி செட்டிங்தான்! டிக் பண்ணதும் திறந்துடுச்சு. ஈ.எஃப்.பி. மாத்திப் பதிஞ்சாச்சு, கருப்பு ஒயரை பாடிக்கு மாத்தியாச்சு, கேமரா கட்-ஆஃப் 12.4. தூங்கின பிறகு கசிவு 28 மில்லி ஆம்பியர். மூணாம் நாள் காலையில 12.66. ஸ்டார்ட்-ஸ்டாப் வந்துடுச்சு. டயர் விளக்கு மட்டும் பாக்கி.

பதில் 2

ஒரு சக்கரத்துக்கு மட்டும் கோடு என்றால் அந்த வால்வு சென்சாரின் உள் பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது டயர் மாற்றும்போது உடைந்திருக்கும். பேட்டரி மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு 15 நிமிடம் ஓட்டிப் பாருங்கள், நின்ற சக்கரத்தில் சென்சார் தூங்கும். கோடு போகாவிட்டால் சென்சாரைத் தட்டி எழுப்புகிற கைக்கருவி உள்ள டயர் கடையில் அந்தச் சக்கரத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மாற்ற வேண்டியதுதான். உள் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். புது சென்சாரின் அலைவரிசை வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டு, டயரைப் பிரிப்பதற்கு முன்பே அதன் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு படிக்க முடியாது, சில வண்டிகளில் அந்த எண்ணைக் கையால்தான் ஏற்ற வேண்டும்.