காக்னிசிபிள் குற்றத்துக்குத் தமிழ்ல என்ன போடலாம்? (அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். இலவச சட்ட உதவி முகாமுக்கு ஒரு கையேடு தயார் பண்றேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். திருட்டு, அடிதடி, அவதூறுன்னு ஒவ்வொரு குற்றத்துக்கும் பக்கத்துல மூணு கட்டம்: தண்டனை எவ்வளவு, ஜாமீன் உண்டா, காக்னிசிபிளா இல்லையா, அதாவது வாரண்ட் (பிடியாணை) இல்லாமலே போலீஸ் கைது பண்ணி விசாரிக்கலாமா. மூணாவதுதான் இடிக்குது. 'பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம்'னு போட்டா கட்டத்துக்குள்ள அடங்கல. பெருங்குற்றம், சிறுகுற்றம்னு போட்டுடலாமா?

---

> பெருங்குற்றம், சிறுகுற்றம்னு போட்டுடலாமா?

வேண்டாம்மா, தப்பாப் போயிடும். தண்டனையோட அளவு வேற, இது வேற. ஒருத்தரை வழிமறிச்சு நிறுத்துனா பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 126(2), அதிகபட்சம் ஒரு மாசம்தான், ஆனா காக்னிசிபிள். போலி உயில் தயாரிச்சா அதே சட்டத்துல 338, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம், ஆனா பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்குப் பதிலா வந்த நடைமுறைச் சட்டம்) முதல் அட்டவணைப்படி அது நான்-காக்னிசிபிள். திருட்டையே பாருங்க, 5000 ரூபாய்க்குக் கீழ மதிப்புள்ள பொருள்னா ஸ்டேஷன்ல நேரடியா எஃப்ஐஆர் கிடையாது. மத்த சட்டங்கள்ல வர்ற குற்றங்களுக்கு மட்டும் மூணு வருஷம்னு ஒரு கோடு இருக்கு, அதுக்குக் கீழ போனா நான்-காக்னிசிபிள். இங்கிலாந்துலயே பெருசு சிறுசுங்கற பழைய பிரிவை 1967ல எடுத்துட்டாங்க, நாம எதுக்கு அதைப் புதுசா கொண்டு வரணும்?

---

வழக்கறிஞர் ஐயா சொன்னது சரி. என் பரிந்துரை 'நாடுகுற்றம்', எதிர்ப்பதம் 'நாடாக்குற்றம்'. 'தக்காங்கு நாடி'ன்னு வள்ளுவர் 561ல சொல்றாரே, அந்த நாடுதல் ஆராய்தல்தான். நாடுகுற்றம் அழகான வினைத்தொகை, மூணு காலத்துக்கும் பொருந்தும். அப்படியே ஜாமீனையும் எடுத்துடுங்க, அது அரபிச் சொல். பிணைன்னாலே போதும். பிணைத்தல்னா கட்டுதல், ஆளை வெளிய விட்டாலும் வாக்குறுதியால கட்டி வைக்கிறோம்ங்கற பொருள் அதுக்குள்ளயே இருக்கு. பிணையல் மாலை, பிணா, பிணைமான் எல்லாம் ஒரே வேர்னு நான் நினைக்கிறேன், அதைத் தனி மடல்ல எழுதறேன்.

---

பேராசிரியர் ஐயா மன்னிக்கணும், நாடாக்குற்றம்னா எங்க ஊர்ல பாவாடை நாடான்னுதான் படிப்பாங்க. நான் காவல்துறையில எஸ்ஐயா இருந்து ஓய்வு பெற்றவன். மனு கொடுக்க வர்றவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எஃப்ஐஆர் உடனே போடணுமா, இல்ல மாஜிஸ்ட்ரேட் அனுமதி வாங்கிட்டு வரணுமா. முன்னாடி சிஆர்பிசி 154, 155, இப்ப பிஎன்எஸ்எஸ் 173, 174. சிஎஸ்ஆர் ரசீதை (மனு வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) கையில வாங்கிட்டு வழக்குப் பதிவாயிடுச்சுன்னு நம்பி வீட்டுக்குப் போறவங்களை நிறையப் பார்த்திருக்கேன், அவங்களுக்காகத்தான் இந்தக் கட்டமே. 'பிடியாணை வேண்டாக் குற்றம்'னு போடுங்க, புரியும்.

---

அதுலயும் சிக்கல் இருக்கு சார். நான் சட்டக் கல்லூரியில பாடம் எடுக்கறேன். வாரண்ட் கேஸ், சம்மன் கேஸ்னு தனிப் பிரிவு ஒண்ணு இருக்கே, ரெண்டு வருஷத்துக்கு மேல சிறை உள்ளது வாரண்ட் கேஸ், மத்தது சம்மன் கேஸ். மேல வழக்கறிஞர் சொன்ன வழிமறிப்பு பிடியாணை வேண்டாக் குற்றம், ஆனா சம்மன் கேஸ். 5000 ரூபாய்க்குக் குறையாத திருட்டு பிடியாணை வேண்டாக் குற்றம், ஆனா வாரண்ட் கேஸ். பசங்க பரீட்சையில குழம்பிடுவாங்க. தவிர கைதையே பேர்ல வைக்கறது சரியில்ல. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துல காரணம் எழுதாம கைது பண்ணக்கூடாதுன்னு 2014ல அர்னேஷ் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. காக்னிசிபிள்னா போலீஸ் தானே விசாரிக்கலாம்ங்கறதுதான் அடிப்படை. அதனால 'நேர்விசாரணைக் குற்றம்', 'அனுமதி விசாரணைக் குற்றம்'. எப்படி?

---

நல்லா இருக்கு, எனக்குச் சம்மதம்.

---

எனக்கும். மனு எழுதிக் கொடுக்கறவங்களுக்கும் சுலபம்.

---

எனக்குச் சம்மதமில்லை. வடசொல்ங்கறதுக்காக மட்டும் சொல்லல. நீதிமன்றத்துல விசாரணைன்னா சாட்சி விசாரணை, போலீஸ் செய்யறது புலனாய்வு. ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள அடைச்சா நாளைக்கு மொழிபெயர்ப்பாளர்கள்தான் கஷ்டப்படுவாங்க. 'நேர்புலனாய்வுக் குற்றம்'னு போடுங்க, நாடுகுற்றத்தை நான் விட்டுக்கொடுக்கறேன்.

---

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொல்ற வேறுபாடு நியாயம்தான், ஆனா முகாமுக்கு வர்ற பெண்கள் 'போலீஸ் விசாரணை'ன்னுதான் பேசறாங்க, புலனாய்வுன்னா டிவி நிகழ்ச்சின்னு நினைச்சுக்கறாங்க. அதனால கட்டத்துக்குள்ள நேர்விசாரணை, அடிக்குறிப்புல புலனாய்வு. ஜாமீன் அப்படியே இருக்கும். 'காம்பவுண்டபிள்' (ரெண்டு தரப்பும் பேசி வழக்கை முடிச்சுக்கலாமா) கட்டம் ஒண்ணும் சேர்க்கச் சொல்லிட்டாங்க, அதுக்கு 'சமரசம் செய்யலாம்'னு போடப் போறேன், ஆட்சேபம் இருந்தா வியாழன் ராத்திரிக்குள்ள எழுதுங்க.

---

சமரசமும் வடசொல்தான். 'இணங்கிமுடி குற்றம்'. விளக்கம் காலையில அனுப்பறேன்.