குடும்பத்துடன் டோக்கியோ: முதல் சில மாதங்களுக்கு எப்படித் தயாராவது?

சேலத்துக்காரர்
அனைவருக்கும் வணக்கம். டோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவியும் 4 வயது மகளும் உடன் வருகிறார்கள். நிறுவனம் ஒரு மாதத்துக்கு மட்டுமே தங்குமிடம் தருகிறது. அதற்குள் வாடகை வீடு பிடித்தாக வேண்டும். கையில் எவ்வளவு பணம் வேண்டும், இறங்கியதும் எந்த வேலைகளை முடிக்க வேண்டும், ஊரிலிருந்து எதைக் கொண்டு வரலாம் என்று அங்கே வாழ்பவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். மிக்சியையும் கிரைண்டரையும் மனைவி இப்போதே பெட்டியில் கட்டிவிட்டார்.

நிஷிகசாய் வாசி
வாழ்த்துகள். வீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். புதிதாக வருபவர்கள் திணறுவது அங்கேதான். தனியார் வீடு என்றால் முன்பணம், உரிமையாளருக்கு ‘ரெய்கின்’ என்ற பெயரில் கொடுக்கும் திரும்பி வராத தொகை, தரகு, நாம் வாடகை கட்டத் தவறினால் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கான கட்டணம், தீக்காப்பீடு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்ந்து, குடிபுகும் முன்பே நான்கைந்து மாத வாடகைக்குச் சமமான பணம் கைவிட்டுப் போகும். போதாததற்கு, வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு மூன்று வீடுகள் மறுக்கப்பட்டன. அந்த வாரம் பட்ட வேதனை இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே அரசு சார்ந்த வீட்டுவசதி அமைப்பான யூஆர் வாடகைக்கு விடும் குடியிருப்புகளை முதலில் பாருங்கள். ரெய்கின், தரகு, உத்தரவாதம் மூன்றுமே அங்கே கிடையாது. வருமானத் தகுதியைக் காட்டி, இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டினால் போதும். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நிஷிகசாயிலும் அவை இருக்கின்றன.

விமான நிலையத்திலேயே வசிப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள். குடிபுகுந்த 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்புறத்தில் அது ஏறும்வரை வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். திருமணச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்புடன் கொண்டு செல்லுங்கள்.

கவாசாகியிலிருந்து
இரண்டாம் ஆண்டு ஜூன் மாதத்தை இப்போதே மனத்தில் வையுங்கள். ‘ஜூமின்ஸெய்’ என்ற வசிப்பிட வரி, முந்தைய ஆண்டின் வரிக்குரிய வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம். ஜப்பானில் முந்தைய ஆண்டு வருமானம் இல்லாததால் புதிதாக வருபவருக்குத் தொடக்கத்தில் அது பிடிக்கப்படுவதில்லை; அந்த ஜூனிலிருந்துதான் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்குவார்கள். கைக்கு வரும் சம்பளத்தை நம்பிப் பெரிய வாடகைக்கு வீடு எடுத்துவிட்டு, பிறகு தவித்த நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் பெற்றோரை நீங்கள் காப்பாற்றுகிறீர்கள் என்றால் வரிவிலக்கு கேட்கலாம். ஆனால் 30 முதல் 69 வயது வரையுள்ளவருக்கு, பொதுவாக ஆளுக்கு ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். அப்பா, அம்மா இருவருக்கும் அவரவர் பெயரிலேயே தனித்தனியாக அனுப்பி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய்
மிக்சியையும் கிரைண்டரையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் சாதனங்கள் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. இங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். பிரஷர் குக்கரைத் தாராளமாகக் கொண்டு வரலாம். ஆனால் எரிவாயு இணைப்பைத் திறக்கப் பணியாளர் வரும்போது வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால், குடிபோகும் நாளுக்கே முன்கூட்டிப் பதிந்துகொள்ளுங்கள். தவறவிட்டு, பிள்ளைகளோடு இரண்டு நாள் வெந்நீரின்றி இருந்தோம். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்கவில்லையே என்று உங்கள் மனைவி கவலைப்பட வேண்டாம். இரவில் குளியல் தொட்டியில் வெந்நீர் இருக்கும்போதே மூடிவிட்டு, போர்வை சுற்றிய மாவுப் பாத்திரத்தை அந்த மூடியின்மேல் வைத்தால் காலையில் பொங்கி நிற்கும்.

மகளுக்கு 4 வயது என்பதால் ‘யோச்சியென்’ மழலையர் பள்ளியில் சேர்க்கலாம். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 2019 அக்டோபர் முதல் மாதம் 25,700 யென் வரையிலான கட்டணத்தை அரசு ஏற்கிறது. மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுவர முன் அனுமதி வேண்டும்.

சேலத்துக்காரர்
மிக்க நன்றி. மிக்சி அலமாரிக்குத் திரும்பிவிட்டது. சான்றிதழ்களை மொழிபெயர்க்க இன்றே கொடுக்கிறேன். யூஆர் வீட்டுக்கு வருமானத் தகுதி காட்ட, வேலை உறுதிக் கடிதம் போதுமா, இல்லை முதல் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

நிஷிகசாய் வாசி
எனக்கு, எதிர்பார்க்கப்படும் ஆண்டுச் சம்பளத்தைக் குறிப்பிட்டு நிறுவனம் முத்திரையிட்டுத் தந்த சான்றே போதுமானதாக இருந்தது. கிளம்புவதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.